ரயில் நின்றது... ஊரே நடுங்கியது! தெரியுமா?

விரைவு ரயில் நின்று நான்கு வருடம் ஆன ஊர் அது. பாலைவனத்துக்கு நடுவே ஒரே ஒரு தெரு, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கட்டடங்கள். அங்கே ஒருநாள் ரயில் நிற்கிறது. கறுப்பு சூட்டும் தொப்பியுமாக, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இறங்குகிறார். அவ்வளவுதான், ஊரே வெலவெலத்துப் போகிறது! வந்தவர் துப்பாக்கி தூக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கொமோகோ என்ற ஒரு விவசாயியைப் பார்க்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் முகங்கள் இருண்டு போகின்றன. காலியாகக் கிடக்கும் ஓட்டலில் அறை இல்லை என்கிறார்கள். போன் வேலை செய்வதில்லை. தந்தி கொடுத்தால், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஊர்ப் பெரிய மனிதரின் கைக்குப் போகிறது!

1955ல் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘பேட் டே அட் பிளாக் ராக்’ படத்தின் தொடக்கம்தான் இது. ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கம், ஸ்பென்சர் ட்ரேசி நாயகன். கதை நடப்பது 1945ல், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு. குதிரைக்குப் பதில் ஜீப் ஓடுகிறது. ஆனாலும் வெஸ்டர்ன் படங்களின் வரிசையில் இதற்குத் தனி நாற்காலி உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாத்து வைக்கும் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2018ல் இது சேர்க்கப்பட்டது. ஓடும் நேரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 81 நிமிடம்! கதை நடப்பதோ ஏறக்குறைய ஒரே ஒரு நாள்.

சரி, யார் இந்த கொமோகோ? படத்தின் முடிச்சே அதுதான். 70 வருடத்துப் பழைய படம் என்பதால் தைரியமாக அவிழ்த்துவிடுகிறேன்.

ரீனோ ஸ்மித் என்ற பண்ணைக்காரனிடம் தண்ணீரே கிடையாத வறண்ட நிலம் ஒன்று இருந்தது. பெயர் அடோப் ஃப்ளாட். ஜப்பானிலிருந்து வந்து குடியேறிய கொமோகோவின் தலையில் அதைக் குத்தகைக்குக் கட்டிவிடுகிறான். ஏமாந்தான் என்று ஊரே நினைத்தது. கொமோகோ அசரவில்லை. தோண்டினார், தோண்டினார், 60 அடி தோண்டினார். தண்ணீர் பீறிட்டது! ஸ்மித்துக்கு அது பொறுக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. மறுநாளே பட்டாளத்தில் சேரப் போன ஸ்மித்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு குடித்துவிட்டு, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கொமோகோவின் வீட்டுக்குப் போகிறான். வீடு தீப்பிடிக்கிறது. உடம்பெல்லாம் தீயாக வெளியே ஓடிவந்த மனிதரை ஸ்மித் சுட்டுக் கொல்கிறான். ஊர் வாயை மூடிக்கொண்டது. நான்கு வருடம்!

தேடி வந்த மெக்ரீடி யார் தெரியுமா? கொமோகோவின் மகன் ஜோ அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து இத்தாலியில் போரிட்டவன். மெக்ரீடியின் உயிரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்டவன். அவனுக்குக் கிடைத்த பதக்கத்தை அப்பாவின் கையில் ஒப்படைக்கத்தான் மெக்ரீடி வந்திருக்கிறார். மகன் எந்த நாட்டுக்காக உயிரைக் கொடுத்தானோ, அந்த நாட்டுக்காரனே அப்பாவைக் கொன்று புதைத்திருக்கிறான். இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்!

அந்தக் கொலையை மெக்ரீடி மோப்பம் பிடிக்கும் இடம் அபாரம். எரிந்து கரியாகிக் கிடக்கும் வீடு. பக்கத்தில் கிணறு. ஒரு கல்லைத் தூக்கிப் போடுகிறார், ஆழத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் தள்ளி, மொட்டைத் தரையில் ஓரிடத்தில் மட்டும் காட்டுப் பூக்கள். போர்க்களத்தில் எத்தனையோ சவக்குழிகளைப் பார்த்த மனிதருக்குப் புரிந்துவிடுகிறது, கீழே ஏதோ புதைந்திருக்கிறது என்று. வசனமே இல்லாமல் ஒரு கொலைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது!

கொமோகோ எங்கே என்று கேட்டால் ஸ்மித் என்ன பதில் சொல்கிறான் தெரியுமா? அவரை முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். பொய்தான். ஆனால் எவ்வளவு எளிதில் நம்பக்கூடிய பொய்! ஏனென்றால் முகாம்கள் நிஜம். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். அதை வைத்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பி, பத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்! கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. வீடு, கடை, படகு, விளைந்து நின்ற வயல் எல்லாம் போனது போனதுதான்.

இப்போது சொல்லப்போவது எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்த சங்கதி. படத்தில் வரும் பிளாக் ராக் என்ற ஊரை எங்கே செட் போட்டார்கள் தெரியுமா? கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், லோன் பைன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி. அந்த லோன் பைனிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எது இருக்கிறது தெரியுமா? மான்ஸனார்! அந்தப் பத்து முகாம்களில் ஒன்று! முள்வேலியும் காவல் கோபுரங்களும் சூழ, உச்சக்கட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த இடம். படத்தில் காணும் அதே சியரா நெவாடா மலைகளைத்தான் அவர்களும் தினமும் பார்த்தார்கள். படப்பிடிப்பு நடந்த 1954 கோடையில் அந்த முகாம் மூடப்பட்டு ஒன்பது வருடம்கூட ஆகவில்லை. கதை நடக்கும் அதே 1945ன் நவம்பர் 21ஆம் தேதிதான் மான்ஸனாரிலிருந்து கடைசி ஆட்கள் வெளியேறினார்கள். கையில் 25 டாலரும் ஊருக்குப் போக ஒரு டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். போக ஊர் இருந்தவர்கள் எத்தனை பேரோ!

இன்னொன்று. அந்தப் பள்ளத்தாக்கின் நிஜக் கதையிலும் வில்லன் தண்ணீர்தான்! லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அங்கே நிலங்களை வாங்கிக் குவித்து, 1913 முதல் கால்வாய் வழியாகத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பழத்தோட்டங்கள் காய்ந்தன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அப்படிக் காலியான நிலத்தில்தான் பிறகு முகாமே எழுந்தது. அடைபட்டவர்கள் அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? விட்டுப்போன பழ மரங்களைப் பேணிக் காய்க்க வைத்தார்கள். குளம் வெட்டினார்கள், பாறைகளைச் சுமந்து வந்து அடுக்கினார்கள், ரோஜாத் தோட்டம் போட்டார்கள். மண்ணில் புதைந்து கிடந்த அந்தத் தோட்டங்கள் சிலவற்றைப் பின்னாளில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 60 அடி தோண்டித் தண்ணீர் கண்ட கொமோகோ கற்பனைப் பாத்திரம்தான். அவரைப் போன்றவர்கள் கற்பனை இல்லை.

கொமோகோ ஏன் குத்தகைக்காரராகவே இருக்கிறார் என்ற கேள்விக்கும் சட்டத்தில் பதில் உண்டு. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாதென்று கலிபோர்னியா 1913லேயே சட்டம் போட்டது. ஜப்பானில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவே முடியாத காலம் அது. அந்தக் கதவு 1952ல்தான் திறந்தது. 1923ல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்களுக்கும் குடியுரிமைத் தகுதி இல்லையென்று தீர்ப்பளித்ததால், அங்கே உழுதுகொண்டிருந்த பஞ்சாபிகளையும் அதே சட்டம் பிடித்துக்கொண்டது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா, இல்லையா?

ஜோ கொமோகோவைப் போல நிஜத்தில் யாராவது உண்டா? உண்டு! சடாவோ முனேமோரி. லாஸ் ஏஞ்சலஸ்காரர். 1945 ஏப்ரல் 5 அன்று, இத்தாலியின் செரவெட்ஸா அருகே, எதிரி வீசிய கையெறிகுண்டு அவர் தலைக்கவசத்தில் பட்டு, இரண்டு தோழர்கள் பதுங்கியிருந்த குழிக்குள் உருண்டது. நொடியும் யோசிக்காமல் அதன்மேல் பாய்ந்து தன் உடம்பால் மூடினார். இருவரும் பிழைத்தார்கள், அவர் போய்விட்டார். வயது 22. அப்போது அவருடைய அம்மா எங்கே இருந்தார் தெரியுமா? மான்ஸனார் முகாமில்! அமெரிக்காவின் ஆக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் 1946ல் அந்தக் குடும்பத்திடம் தரப்பட்டது. இத்தாலியின் பியத்ராசாந்தா நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. இத்தாலியில் இறந்த மகன், பள்ளத்தாக்கில் பெற்றவர், பதக்கம். திரைக்கதையும் வரலாறும் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

முனேமோரி போன்ற ஜப்பானிய அமெரிக்க வீரர்கள் சேர்ந்திருந்த 442வது படைப்பிரிவு, அதன் அளவையும் போரிட்ட காலத்தையும் வைத்துப் பார்த்தால், அமெரிக்க ராணுவ வரலாற்றிலேயே அதிக விருதுகள் பெற்ற பிரிவு. அவர்களைப் பற்றி 1951லேயே ‘கோ ஃபார் புரோக்’ என்று ஒரு படம் வந்தது. நிஜ வீரர்களே நடித்தார்கள். அதைத் தயாரித்தவர் டோர் ஷாரி. ‘பேட் டே அட் பிளாக் ராக்’ தயாரிப்பாளரும் அவரேதான்! ஆக, இந்த விஷயம் அவர் கையில் தற்செயலாக வந்து விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முகாம்கள் மூடி பத்து வருடத்துக்குள், அரசாங்கம் வருத்தம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாத காலத்தில், எம்.ஜி.எம். போன்ற பெரிய ஸ்டுடியோவிலிருந்து இப்படியொரு படம் வர வைத்தது பெரிய காரியம்.

திரைக்கதை எழுதிய மில்லர்ட் காஃப்மன் இன்னும் சுவாரசியமானவர். கண் தெரியாமல் முட்டி மோதும் கார்ட்டூன் தாத்தா மிஸ்டர் மாகூவை நினைவிருக்கிறதா? அவரைப் படைத்தவர்களில் ஒருவர் காஃப்மன்! கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஹாலிவுட் எழுத்தாளர்களைக் கறுப்புப் பட்டியலில் போட்ட நாட்களில், டால்டன் ட்ரம்போ எழுதிய ‘கன் கிரேஸி’ படத்துக்குத் தன் பெயரைக் கொடுத்து உதவியவர். அநியாயம் நடந்தது ஊருக்கே தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற நிலைமையை அவர் சினிமா உலகத்திலேயே பார்த்திருந்தார். பிளாக் ராக் ஊரின் மௌனத்தை அன்றைய கறுப்புப் பட்டியல் ஹாலிவுட்டோடு சேர்த்துப் படிக்கும் விமர்சகர்கள் பலர் உண்டு. எனக்கும் அந்த வாசிப்பு சரியென்றே படுகிறது. அப்புறம் ஒன்று, காஃப்மனின் முதல் நாவல் வெளியானபோது அவருக்கு வயது 90!

நடிகர் பட்டாளத்தைப் பாருங்கள். பேசும் பாத்திரங்கள் மிகக் குறைவு. அதற்குள் வாழ்நாளில் ஆஸ்கர் வாங்கியவர்கள் ஐந்து பேர்! ட்ரேசி இரண்டு, வால்டர் பிரென்னன் மூன்று, டீன் ஜாகர், எர்னஸ்ட் போர்க்னைன், லீ மார்வின் ஆளுக்கு ஒன்று. கொலைகார ஸ்மித்தாக வரும் ராபர்ட் ரயன் நிஜ வாழ்க்கையில் இன வெறுப்பை எதிர்த்து மேடை ஏறியவர். ஆனால் திரையில் வெறுப்பைக் கக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1947ல் ‘கிராஸ்ஃபயர்’ படத்தில் யூதரைக் கொல்லும் சிப்பாயாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். ஸ்மித் பாத்திரத்தில் அவர் கத்துவதே இல்லை. புன்னகையோடு, நியாயம் பேசுகிற தொனியில் பேசுகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

மெக்ரீடி இடது கையைப் படம் முழுக்கக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். போரில் போன கை. ட்ரேசியின் ஆர்வத்தைத் தூண்டத்தான் இந்தக் குறையை திரைக்கதையில் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்த ஒற்றைக் கையை வைத்து அவர் போடும் சண்டை இருக்கிறதே! மெக்ரீடி சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சில்லி சாப்பிட ஆரம்பிக்கிறார். முரடன் கோலி, அதாவது போர்க்னைன், கெச்சப் பாட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் கவிழ்க்கிறான். மெக்ரீடி பொறுக்கிறார். வம்புக்கு இழுக்கிறான், பொறுக்கிறார். எழுந்து போகப் பார்க்கிறார், விடமாட்டேன் என்கிறான். அடுத்த நொடி, மெக்ரீடியின் உள்ளங்கை விளிம்பு கத்தி போல அவன் கழுத்தில் இறங்குகிறது! அந்த முரட்டு ஆள் மூச்சுத் திணறிச் சாய்கிறான். ஜூடோ, கராத்தே பாணி அடி. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அபூர்வம். ஜப்பானியரைக் கொன்ற ஊரில், ஜப்பானியக் கலையால் முரடன் விழுகிறான்!

இதன் தொடர்ச்சி இன்னும் பிரமாதம். இந்தப் படத்துக்காக ட்ரேசி 1955 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். ஆஸ்கரிலும் சிறந்த நடிகருக்கான பரிந்துரை. ஸ்டர்ஜஸுக்கும் காஃப்மனுக்கும்கூடப் பரிந்துரை வந்தது. 1956 மார்ச்சில் விழா. ட்ரேசியைத் தோற்கடித்துச் சிறந்த நடிகர் ஆஸ்கரை வாங்கியது யார் தெரியுமா? ‘மார்ட்டி’ படத்துக்காக, சாட்சாத் எர்னஸ்ட் போர்க்னைன்! திரையில் ஒற்றைக் கையால் அடிவாங்கியவர், மேடையில் ஜெயித்துவிட்டார்.

தொடக்கக் காட்சியில் ரயில் நம் முகத்தை நோக்கிப் பாய்ந்து வருமே, அதை எடுத்த கதையும் உண்டு. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சி. ஓடிவரும் ரயிலுக்கு எதிரே ஹெலிகாப்டர் பறப்பது ஆபத்து. என்ன செய்தார்கள்? ரயிலைப் பின்னோக்கி ஓடவிட்டு எடுத்து, பிலிமைத் தலைகீழாக ஓட்டினார்கள்! பின்னணியில் இடிபோல் முழங்கும் இசை ஆந்த்ரே பிரெவின். அப்போது அவருக்கு 25 வயது.

அகன்ற சினிமாஸ்கோப் திரையை ஸ்டர்ஜஸ் பயன்படுத்திய விதம் தனிப் பாடம். கூட்டம் சேர்த்துத் திரையை நிரப்புவதுதான் அன்று வழக்கம். இவர் வெறுமையைக் கொண்டு நிரப்பினார். தெருவில் ஆறேழு பேர் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். நடுவில் மெக்ரீடி தனியாக. யார் யாரோடு சேர்ந்தவர், யார் யாருக்குப் பயப்படுகிறார் என்பது நிற்கும் இடத்தை வைத்தே தெரிந்துவிடும். இந்தப் படத்தின் லேசர் டிஸ்க்குக்காக ஸ்டர்ஜஸ் பேசிப் பதிவுசெய்த விளக்கத்தைக் கேட்டாலே போதும், திரைப்படப் பள்ளியில் 20 வருடம் படிப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்ற பொருளில் இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் பாராட்டியிருக்கிறார். ‘தி மாக்னிஃபிசன்ட் செவன்’, ‘தி கிரேட் எஸ்கேப்’ இரண்டையும் பின்னாளில் எடுத்தவரும் இதே ஸ்டர்ஜஸ்தான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஜப்பானியருக்கு இழைத்த அநீதியைப் பற்றிய இந்தப் படத்தில் ஒரு ஜப்பானியர்கூட இல்லை. கொமோகோவின் முகம் ஒரு புகைப்படமாகக்கூடக் கதையில் இடம் பிடிப்பதில்லை. ஜோவும் அப்படியே. இறந்தவருக்காக வெள்ளைக்காரர் ஒருவர் வந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடுகிறார், கடைசியில் பதக்கமும் ஊர் மீண்டெழ உதவட்டும் என்று ஊரிடமே போய்ச் சேர்கிறது. இல்லாமையைக் காட்டுவதுதான் படத்தின் பலம் என்று வாதிடுவோர் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். யாருமே பேச மறுக்கும் அந்தப் பெயர் படம் முழுக்க நம்மைத் துரத்துவது உண்மை. ஆனால் மான்ஸனாரிலிருந்து வந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், கொஞ்ச தூரத்தில் அவர்கள் வெட்டிய குளம் மண்மூடிக் கிடந்தது. அவர்களில் ஒருவருக்கு ஒரு காட்சி கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்க வேண்டும்.

அந்த முகங்களைப் பார்க்க வழி இருக்கிறது, தெரியுமா? டோயோ மியாடாகே என்ற புகைப்படக்காரர் மான்ஸனாருக்குள் ஒரு லென்ஸை ஒளித்து எடுத்துப்போய், மரப்பெட்டியில் பொருத்திக் கேமராவே செய்துவிட்டார்! முதலில் திருட்டுத்தனமாக, பிறகு அனுமதியோடு முகாம் வாழ்க்கையைப் படம் பிடித்தார். 1943ல் ஆன்சல் ஆடம்ஸும் அங்கே போய்ப் படமெடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், செவிலியர், வயலில் வேலை செய்பவர்கள், ராணுவ உடையில் விடுமுறைக்கு வந்த மகன்கள் எல்லாரும் அந்தப் படங்களில் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.

அமெரிக்க அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆனது. அந்த ஆகஸ்டில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தரச் சொன்னது. மான்ஸனார் 1992 முதல் தேசிய வரலாற்றுத் தலம்.

‘பேட் டே அட் பிளாக் ராக்’ படத்தை ஒரு மாலையில் பார்த்து முடித்துவிடலாம். பாருங்கள். பார்த்த கையோடு ஆன்சல் ஆடம்ஸின் மான்ஸனார் படங்களையும் தேடிப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் இணையதளத்தில் அவற்றை இலவசமாகவே வைத்திருக்கிறது.